ஊர் அருங்காட்சியகம் தொடங்குகிறவர் முதலில் வாங்க வேண்டியது பேழை அல்ல, பதிவேடு

நீங்கள் கேட்டது இது: உங்கள் நகராட்சியின் பழைய அலுவலகக் கட்டடம் காலியாகிவிட்டது. அதை ஊர் அருங்காட்சியகமாக்க மன்றம் தீர்மானம் போட்டு, பொறுப்பை உங்களிடம் கொடுத்திருக்கிறது. ஊர்க்காரர்கள் கொடுத்த முன்னூறு பொருள்கள் ஒரு அறையில் குவிந்து கிடக்கின்றன. நிதியாண்டு முடிவதற்குள் பணத்தைச் செலவழித்தாக வேண்டும் என்பதால் கண்ணாடிப் பேழைகளுக்கு டெண்டர் விடலாமா, பள்ளிப் பிள்ளைகளை எப்போது அழைக்கலாம் என்கிறீர்கள். கேள்வி பேழையைப் பற்றியதாக இருந்தாலும், கட்டடம், பொருள், மக்கள் ஆகிய மூன்றில் எதை முதலில் கவனிப்பது என்பதுதான் உங்கள் உண்மையான குழப்பம். பொருளைக் கவனியுங்கள். அதிலும் முதல் வேலை பதிவேடு. பேழை டெண்டரை ஒரு வருடமாவது தள்ளிப்போடுங்கள். பணம் திரும்பிப் போய்விடும் என்றால் கூரை, மின்கம்பி, இரும்பு அலமாரி ஆகியவற்றுக்கு அதைச் செலவிட அனுமதி வாங்குங்கள்.

ஒரு பொருள் யாருடையது, எங்கிருந்து வந்தது, நம் கைக்கு வந்தபோது எந்த நிலையில் இருந்தது என்பது எழுத்தில் இல்லையென்றால் அது வெறும் பழைய சாமான்தான். கொடுத்தவர் காலமாகிவிட்டாலோ நீங்கள் மாற்றலாகிப் போய்விட்டாலோ அந்தத் தகவலை எந்த நிபுணராலும் மீட்க முடியாது. அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடுபோன நடராஜரை ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடம் 2008-இல் சுமார் 50 லட்சம் அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கியது. 2014-இல் திருப்பிக் கொடுத்தது. அந்தச் சிலை எந்தக் கோயிலுடையது என்று நிலைநாட்டுவதற்குப் பெரிய துணையாக இருந்தவை, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் கோயில் கோயிலாகப் போய் எடுத்து வைத்திருந்த புகைப்படங்கள். உங்கள் முன்னூறு பொருளில் அவ்வளவு விலையுள்ளது ஒன்றுகூட இல்லாமல் போகலாம். ஆனால் படமும் எழுத்தும் இல்லாத பொருள் காணாமல் போனால், அது நம்மிடம் இருந்தது என்பதையே நிரூபிக்க முடியாது. இது எல்லாப் பொருளுக்கும் பொருந்தும்.

அலுவலகத்தில் ஸ்டாக் ரிஜிஸ்தர் ஏற்கெனவே இருக்கும். நாற்காலி, மேசை, கணினி ஏறும் அந்த ரிஜிஸ்தரில் அருங்காட்சியகப் பொருளை ஏற்றவே கூடாது. அதில் ஏறியது பழுதானால் கழித்துக்கட்டி ஏலம் விட வழியிருக்கிறது. விரிசல் விட்ட முதுமக்கள் தாழியை யாரோ ஒருவர் ‘பயனற்றது’ என்று எழுதிவிட்டால் அப்புறம் தடுப்பது கடினம். தனியாக, தைத்து பைண்டு செய்த, பக்க எண் அச்சிட்ட பெரிய பதிவேடு ஒன்று வாங்குங்கள். அழியாத மையில் கையால் எழுதுங்கள். தவறு வந்தால் ஒற்றைக்கோடு போட்டு அடித்துப் பக்கத்தில் கையெழுத்திடுங்கள். வெள்ளை மை தடவக் கூடாது. கணினியில் ஒரு பிரதி கட்டாயம் வேண்டும், ஆனால் மூலம் கைப்பதிவேடுதான்.

எண் கொடுக்க உலகம் முழுக்கப் பழக்கத்தில் உள்ள முறையே போதும்: 2025.14.3 என்றால் 2025-இல் வந்த பதினான்காவது நன்கொடையில் மூன்றாவது பொருள். செம்பும் மூடியும் சேர்ந்து ஒரே பொருள் என்றால் 3அ, 3ஆ. நாணயத்துக்கு ஒரு வரிசை, ஆயுதத்துக்கு ஒரு வரிசை என்று வகைவாரியாக எண் கொடுக்கத் தோன்றும். வேண்டாம். பாளை சீவும் கத்தி ஆயுதமா, தொழிற்கருவியா என்று அடுத்த வருடம் வேறொருவர் வேறுவிதமாக முடிவெடுப்பார், எண் குழம்பும். வகைப்பாட்டைத் தனிப் பத்தியில் எழுதினால் எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம், எண்ணை மாற்ற வேண்டியிருக்காது.

தானியம் அளக்கும் ஒரு இரும்புப் படியை எடுத்துக்கொள்வோம்; உங்கள் அறையில் நிச்சயம் இரண்டு மூன்றாவது இருக்கும். ‘படி, இரும்பு, 1’ என்று எழுதினால் மூன்றில் எது எது என்றே தெரியாது. விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள். முத்திரை குத்திய பள்ளம் தட்டுப்பட்டால் அது அளவைச் சரிபார்த்ததற்கான அரசு அடையாளம். அதைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் தனியாகப் படம் எடுங்கள். உள்பக்கம் தானியம் உரசி வழவழப்பாகவும் வெளிப்பக்கம் துருவேறியும் இருக்கும், இரண்டையும் எழுதுங்கள். அடிப்பாகம் உள்நோக்கிக் குழிந்திருந்தால், அளவைக் குறைக்கத் தட்டியதாக இருக்கலாம், கீழே விழுந்து நசுங்கியதாகவும் இருக்கலாம். அந்த ‘இருக்கலாம்’ பதிவேட்டிலும் இருக்கட்டும். நாம் யூகித்ததை நடந்ததுபோல எழுதினால் பின்னால் வருபவர் அதை உண்மையென்றே நம்பிவிடுவார். உயரம், வாய் விட்டம், எடை ஆகியவற்றை அளந்து குறியுங்கள். கொள்ளளவு பார்க்கத் தண்ணீர் ஊற்றாதீர்கள். உலர்ந்த கடுகை நிரப்பி, அதை அளவுக்குவளையில் கொட்டிப் பார்த்தால் போதும். பிறகு கொடுத்தவரிடம் கேளுங்கள்: எந்தத் தெருவில் கடை, யார் அளந்தார், கூலிக்கு அளந்ததா விற்பனைக்கு அளந்ததா, தலைதட்டி அளந்தார்களா கோபுரமாகவா. ‘ஒன்று’ என்று சொல்லாமல் ‘லாபம்’ என்று தொடங்கி எண்ணியதையும், எட்டுப் படி ஒரு மரக்கால் என்று கணக்குப் போட்டதையும், 1956-இல் மெட்ரிக் அளவைச் சட்டம் வந்த பிறகு அது எப்போது பரணுக்குப் போனது என்பதையும் அவரே சொல்வார். பின்னால் விளக்க அட்டை எழுதவும் பிள்ளைகளுக்குச் சொல்லவும் தேவையான அத்தனையும் இந்த அரைமணி நேரப் பேச்சில் கிடைத்துவிடும்.

எண்ணைப் பொருளின் மேல் எழுதுவதில்தான் அதிகம் கெடுக்கிறார்கள். மார்க்கர் பேனா, ஸ்டிக்கர், செலோடேப், நகப்பூச்சு எதுவும் கூடாது. டேப்பின் பசை மஞ்சளாகி ஊறிவிடும். நகப்பூச்சு நாளடைவில் பழுத்து உரியும். உலோகம், கல், சுடுமண், பீங்கான் இவற்றில் கண்ணில் படாத ஓரத்தில் பாராலாய்டு பி-72 என்ற பிசினை அசிட்டோனில் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் கரைத்து, நகத்தளவு பட்டையாகத் தடவுங்கள். காய்ந்ததும் கரிநிறமி மையில் எண் எழுதி, அதன்மேல் இன்னொரு பூச்சு கொடுங்கள். வேண்டாமென்றால் அசிட்டோனால் துடைத்து எடுத்துவிடலாம் என்பதுதான் இதன் சிறப்பு. அரக்குப்பூச்சு உள்ள பொருள், பிளாஸ்டிக், உதிரும் பரப்பு ஆகியவற்றில் இதைச் செய்யாதீர்கள். நூலில் கட்டிய அட்டையே போதும். துணிக்குப் பருத்தி நாடாவில் எண் எழுதி ஓரத்தில் நாலு தையல். காகிதத்துக்கும் புகைப்படத்தின் பின்புறத்துக்கும் மென்மையான பென்சில், அழுத்தாமல்.

ஒவ்வொரு பொருளுக்கும் நன்கொடைப் பத்திரம் தேவை. ‘நிரந்தர இரவல்’ என்று யாராவது கொடுத்தால் ஏற்காதீர்கள். முப்பது வருடம் நீங்கள் பராமரித்ததைப் பேரன் வந்து கேட்பார். ‘எப்போதும் காட்சியில் இருக்க வேண்டும், அப்பா பெயர்ப்பலகையோடு’ என்ற நிபந்தனையும் கூடாது. பெயரைப் பதிவேட்டிலும் விளக்க அட்டையிலும் போடலாம், இடத்தை வாக்களிக்க முடியாது. கண்காட்சிக்கென்று இரவல் வாங்கினால் தொடங்கும் தேதி, முடியும் தேதி, நிலைக்குறிப்பு, படம் எல்லாம் இருக்க வேண்டும்.

சட்டத்தில் உறுதியாகச் சொல்லக்கூடியவை சில. 1972-ஆம் ஆண்டு தொல்பொருள் மற்றும் கலைச் செல்வங்கள் சட்டப்படி நூறு ஆண்டுக்குக் குறையாத சிலை, நாணயம், கல்வெட்டு போன்றவை தொல்பொருள்; சுவடி, ஆவணம் என்றால் 75 ஆண்டு. அவற்றை விற்கும் தொழிலுக்கு உரிமம் வேண்டும். உரிமம் இல்லாத வியாபாரியிடம் நீங்கள் வாங்கினால் நகராட்சியே சிக்கலில் மாட்டும். மண்ணிலிருந்து கிடைத்தது என்றால் 1878-ஆம் ஆண்டு புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தகவல் போக வேண்டும். வீடு கட்டத் தோண்டும்போது கிடைத்தது என்று யாராவது சாக்கில் கட்டிக் கொண்டுவந்தால் வாங்கி வைக்காதீர்கள், ஆட்சியர் அலுவலகத்துக்கு வழிகாட்டுங்கள். கோயில் சிலை, கோயில் செப்பேடு எதையும் தனிநபரிடமிருந்து ஏற்கக் கூடாது. உங்கள் அறையில் ஏற்கெனவே இருப்பவற்றில் எவற்றை 1972 சட்டப்படி அரசிடம் பதிவுசெய்ய வேண்டும் என்பதைப் பொருளைப் பார்க்காமல் யாரும் சொல்ல முடியாது. படங்களோடு தொல்பொருள் பதிவு அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள், பதிலைக் கோப்பில் வையுங்கள்.

வேண்டாம் என்று சொல்லப் பழகுவதும் இந்த வேலையில் சேர்த்தி. எந்த ஊரில் அருங்காட்சியகம் என்று அறிவித்தாலும் வருவது அம்மி, ஆட்டுக்கல், உரல், தையல் இயந்திரம், தட்டச்சுப்பொறி, கிராமபோன். முதல் அம்மிக்கு இடமுண்டு, பன்னிரண்டாவதற்கு இல்லை. இந்த ஊரில் செய்தது, இந்த ஊரில் பயன்பட்டது, இந்த ஊர் மனிதரோடு பெயர் சொல்லித் தொடர்புடையது என்ற மூன்றில் ஒன்றாவது இருந்தால்தான் ஏற்போம் என்று இரண்டு பக்கத்தில் கொள்கை எழுதி மன்றத்தில் நிறைவேற்றிவிடுங்கள். அப்புறம் மறுப்பது நீங்கள் அல்ல, தீர்மானம். பதிவேட்டிலிருந்து ஒரு பொருளை நீக்க என்ன நடைமுறை, அது விற்பனைக்குப் போகாது என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.

கட்டடத்தைப் பற்றி என் அழுத்தமான கருத்து: ஒரு வடகிழக்குப் பருவமழை முழுவதையும் காலிக் கட்டடத்தில் பார்த்துவிட்டுத்தான் பொருளை உள்ளே வைக்க வேண்டும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாரம் ஒருமுறை டார்ச்சோடு சுற்றி வந்து, ஈரம் படும் இடத்தையெல்லாம் சுவரில் பென்சிலால் வட்டமிட்டுத் தேதி போடுங்கள். பழைய செங்கல் கட்டடம் என்றால் சுண்ணாம்புக் காரையில் கட்டியிருப்பார்கள். அதன்மேல் ஒப்பந்ததாரர் சிமெண்ட் பூசினால் உள்ளே ஏறிய ஈரம் வெளியேற முடியாமல் உப்பாகப் பூத்துப் பூச்சை உதிர்க்கும். சுண்ணாம்பையே மறுபடி பூசச் சொல்லுங்கள். மாடியில் நீர்த்தாரையைச் செப்டம்பரில் சுத்தம் செய்வது எந்தப் பெரிய திட்டத்தையும்விடப் பயன் தரும்.

குளிர்சாதனம் பற்றி எல்லோரும் கேட்பார்கள். பகலில் ஓட்டி மாலை ஐந்தரைக்கு அணைத்துவிடும் ஏசி, ஏசியே இல்லாததைவிட மோசம். இரவில் ஈரக்காற்று குளிர்ந்த பொருளில் படியும். மரம் தினமும் விரிந்து சுருங்கி வெடிக்கும். இருபத்துநாலு மணிநேரமும் ஓட்ட வருடாந்தர நிதி இல்லையென்றால் நல்ல காற்றோட்டத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஈரப்பதம் 65 சதவீதத்துக்கு மேல் பல நாள் நின்றால் பூஞ்சை வரும் ஆபத்து உண்டு; நம் கடற்கரை ஊர்களில் அது அடிக்கடி நிற்கும். மின்விசிறி, சுவரிலிருந்து தள்ளிய அலமாரி, வாராந்தரக் கண்காணிப்பு இவைதான் நமக்குக் கட்டுப்படியாகும் வழி. வெண்கலத்துக்கு மட்டும் தனி ஏற்பாடு வேண்டும். கெட்டியான கரும்பச்சைக் களிம்பு பொருளைக் காக்கும், அதைத் தொடாதீர்கள். வெளிர்பச்சையில் புள்ளி புள்ளியாய், தொட்டால் மாவாக உதிர்வது வெண்கல நோய். உள்ளே உள்ள குளோரைடு, ஈரத்தோடும் காற்றோடும் சேர்ந்து உலோகத்தைத் தின்கிறது. இறுக்கமாக மூடும் பேழையில் ஈரப்பதத்தை 40 சதவீதத்துக்குக் கீழே வைத்தால் அது தூங்கும். இதற்குக் கன மீட்டருக்கு 20 கிலோ சிலிக்கா ஜெல் (ஈரத்தை உறிஞ்சும் மணிகள்) என்பது பழகிய கணக்கு. மருந்துப் புட்டியில் வரும் பொட்டலங்கள் எதற்கும் காணாது. நீலநிறம் மாறுவதில் உடம்புக்கு ஆகாத கோபால்ட் இருக்கும், ஆரஞ்சு நிற வகையை வாங்குங்கள். ஈரம் ஏறியதும் அடுப்பில் 110 முதல் 120 டிகிரியில் சில மணிநேரம் சூடாக்கித் திரும்ப வைக்கலாம். வீட்டுக் குத்துவிளக்கைப்போலப் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்து ‘பளபளப்பாக்க’ யாராவது ஆர்வமாக வருவார்கள். தடுத்துவிடுங்கள். புளியின் அமிலம் களிம்போடு பழைய பரப்பையும் எடுத்துவிடும், உப்பு புதிதாகக் குளோரைடை ஏற்றும். நோய் வந்த சிலைக்குச் சிகிச்சை எழுத்தில் படித்துச் செய்யக்கூடியது அல்ல. சென்னை அரசு அருங்காட்சியகத்தில் வேதியியல் பாதுகாப்புப் பிரிவு பல பத்தாண்டுகளாக இந்த வேலையைச் செய்துவருகிறது, அங்கே கேளுங்கள்.

வெளிச்சத்தில் பட்ட சேதம் திரும்பாது, சேர்ந்துகொண்டே போகும். துணி, காகிதம், ஓலை, பழைய புகைப்படத்துக்கு 50 லக்ஸ் (பொருளின் மேல் விழும் வெளிச்சத்தின் அளவு), மரம், எண்ணெய் ஓவியத்துக்கு 200 வரை, கல்லுக்குக் கவலையில்லை. 500 லக்ஸில் ஒரு மாதம் வைப்பது 50 லக்ஸில் பத்து மாதம் வைப்பதற்குச் சமம். அதனால் பட்டுச்சேலையை நாலு மாதம் காட்டிவிட்டு உள்ளே வையுங்கள். ஜன்னலோரப் பேழை எதற்கும் உதவாது.

காட்சியில் இல்லாத பொருள்களை வைக்கும் காப்பறைக்குத் தளப்பரப்பில் மூன்றிலொரு பங்காவது ஒதுக்குங்கள். இது சட்டமல்ல, என் கணிப்பு. ஆனால் காப்பறையைச் சுருக்கிய இடங்களில் எல்லாம் கடைசியில் மாடிப்படியடியில் பொருள் கிடக்கும். சர்வதேசப் பண்பாட்டுப் பாதுகாப்பு அமைப்பான இக்ரோம், காப்பறையை ஒழுங்குபடுத்தச் சொல்லும் ரீ-ஆர்க் முறையில் இரண்டு அளவுகோல் உண்டு: எந்தப் பொருளையும் மூன்று நிமிடத்தில் கண்டுபிடிக்க வேண்டும், எடுக்கும்போது வேறு இரண்டு பொருளுக்கு மேல் நகர்த்தக் கூடாது. மாதம் ஒருமுறை பதிவேட்டைக் கண்ணை மூடித் திறந்து ஐந்து எண்ணை எடுத்துச் சோதித்துப் பாருங்கள். பவுடர் பூச்சுக் கொடுத்த இரும்பு அலமாரி, தரையிலிருந்து 15 சென்டிமீட்டர் உயரம், சுவரிலிருந்தும் அதே இடைவெளி. கரையான் மண்பாதை போட்டால் கண்ணில் படும். பொருளுக்கு அடியில் விரிக்கக் காடாத்துணியை நன்றாகத் துவைத்துக் கஞ்சி போக அலசிப் பயன்படுத்துங்கள். கஞ்சி இருந்தால் இராமபாணப் பூச்சி தேடி வரும். ரசகற்பூர உருண்டை பூச்சியைக் கொல்வதைவிட வேலை செய்பவரின் உடம்பைக் கெடுப்பதே அதிகம். வண்டு விழுந்த சாதாரண மரச்சாமான், பருத்தித்துணியைப் பாலித்தீனில் உள்ளிருக்கும் காற்றை வெளியேற்றிச் சுற்றி மைனஸ் 20 டிகிரி டீப் ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்து, வெளியே எடுத்து ஒரு நாள் கழித்துப் பிரித்தால் போதும். வண்ணம் தீட்டியது, பூச்சுள்ளது, தந்தம் ஆகியவற்றை அப்படிச் செய்யக் கூடாது.

தீ பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன், இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். டெல்லியில் தேசிய இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் 2016 ஏப்ரலில் எரிந்தது. பிரேசிலின் தேசிய அருங்காட்சியகம் 2018 செப்டம்பர் 2 இரவில் எரிந்து, இரண்டு கோடிப் பொருள்களில் பெரும்பகுதி போயிற்று. பழைய மின்கம்பியை முழுதாக மாற்றுங்கள். மூடியபின் காப்பறை மெயின் சுவிட்சை அணையுங்கள். உலர்பொடி அணைப்பானின் பொடி உலோகத்தை அரிக்கும், பொருளுக்கு அருகில் கார்பன் டை ஆக்சைடு வகை வையுங்கள். முதலில் காப்பாற்ற வேண்டிய பத்துப் பொருளின் படமும் இடமும் கொண்ட தாளைத் தீயணைப்பு நிலையத்திலும் கொடுத்து வையுங்கள். பதிவேட்டின் ஸ்கேன் பிரதி வேறொரு கட்டடத்தில் இருக்கட்டும்.

மக்களுக்கான நிகழ்ச்சி திறப்புவிழாவுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, இந்த மாதமே தொடங்கலாம். செலவு குறைந்தது புகைப்பட நாள்: ஊர்க்காரர்கள் வீட்டுப் படங்களைக் கொண்டு வருவார்கள், அங்கேயே 600 டிபிஐ-யில் (ஒரு அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்து உடனே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மூலத்தை ஒருநாளும் வைத்துக்கொள்ளாதீர்கள். நம்பிக்கை ஒருமுறை போனால் ஊர் முழுக்கப் போய்விடும். படத்தில் இருப்பவர் யார், எந்த இடம், எந்த வருடம், பொதுவில் காட்டலாமா என்ற நான்கையும் கேட்டுக் கையெழுத்து வாங்குங்கள். ஒரே தெருவின் படங்கள்தான் வருகின்றன என்றால் நீங்கள் மேசையை அந்தத் தெருவில் போட்டிருக்கிறீர்கள் என்று பொருள். தூய்மைப் பணியாளர் குடியிருப்பு, நெசவாளர் தெரு, மீனவர் குப்பம், பள்ளிவாசல் பக்கம் என்று மேசையைத் தூக்கிக்கொண்டு போங்கள். பறை, நாதஸ்வரம், சவரப்பெட்டி போன்றவை வரும்போது அதன் விளக்கத்தை அந்தத் தொழிலில் இருந்தவர்களிடம் படித்துக்காட்டி, அவர்கள் சம்மதித்த பிறகு ஒட்டுங்கள். ஊரின் சாதி வரலாறு இல்லாததுபோல எழுதப்பட்ட அட்டை, அங்கு வருபவரில் பாதிப்பேரை வெளியே நிறுத்திவிடும்.

பள்ளிக்கு ஒரு வகுப்பை இரண்டாகப் பிரித்து இருபது இருபது பேராக 45 நிமிடம் போதும். பதிவேட்டில் ஏறாத உபரிப் பொருள்களை ஒரு பெட்டியில் போட்டுத் தொட்டுப் பார்க்கக் கொடுங்கள். அந்தப் பன்னிரண்டாவது அம்மிக்குழவி இங்கே வேலைக்கு ஆகும். படியைக் கொடுத்து ஒரு பிள்ளையை அளக்கவிட்டு, மற்றவர்களை ‘லாபம், ரெண்டு’ என்று எண்ணச் சொன்னால் பாடம் நடந்துவிடும். மே 18 சர்வதேச அருங்காட்சியக நாள் நமக்குக் கோடை விடுமுறையில் வரும். அன்று பள்ளிகளை எதிர்பார்க்காமல் குடும்பங்களைக் காலை நேரத்தில் அழையுங்கள். நவம்பர் 19 முதல் 25 வரையிலான உலக மரபு வாரம் மழையில் வரும், பள்ளி திடீரென்று விடுமுறை விட்டுவிடும்; மாற்றுத் தேதி கையில் இருக்கட்டும்.

பேழை வாங்கும் காலம் வரும்போது ஒட்டுப்பலகை வேண்டாம் என்பதை மட்டும் டெண்டரிலேயே எழுதுங்கள். அதிலிருந்து கசியும் அமில ஆவி ஈயத்தையும் வெண்கலத்தையும் அரிக்கும். விளக்க அட்டை அறுபது சொல்லுக்குள், தமிழ் முதலில். வாசலில் சக்கர நாற்காலிக்கான சாய்தளம், 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம்.

இருவர் சேர்ந்து உட்கார்ந்தால் ஒரு நாளில் பத்துப் பொருளைப் படம் எடுத்து, அளந்து, எழுதி முடிக்கலாம். முன்னூறுக்கு முப்பது வேலைநாள். அறையில் எது அழகானது என்று பார்த்து வரிசை போடாதீர்கள். கொடுத்தவர்கள் பெயரை எழுதி, பக்கத்தில் வயதைப் போடுங்கள். மிக மூத்தவர் யாரோ அவர் கொடுத்த பொருளின் படத்தோடு நாளைக்கே அவர் வீட்டுக்குப் போங்கள்.